‘ஸ்டார்ட்’ என்றொரு தந்தி

போன வாரம் ஆபீஸ் காரியமாகத் திருச்சியில் இருந்தேன். மத்தியானம் தந்தி வந்தது. ‘ஸ்டார்ட் இமீடியட்லி.’ கொடுத்தவன் என் மைத்துனன் சேஷு. வேறு ஒரு வார்த்தை இல்லை.

அகராதியைப் பாருங்கள். ஸ்டார்ட் என்றால் புறப்படு. எவ்வளவு சாதுவான வார்த்தை! ஆனால் தந்தியில் வந்தால் அதன் அர்த்தமே வேறு. வீட்டில் யாரோ படுத்துவிட்டார்கள். உயிரோடு பார்க்க வேண்டுமானால் ஓடி வா.

யார்? என் மனைவி ஒரு நாள் தலைவலி என்று படுத்தவளில்லை. அப்படியானால்... கமலாவா? எனக்கு இருப்பது ஒரே பெண்.

மானேஜர் தந்தியைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே கேட்காமல் லீவு கொடுத்தார். அது என்னை இன்னும் பயமுறுத்தியது. யுத்த காலமல்லவா, ரயிலில் சிப்பாய்களுக்கு நடுவே நின்றபடியே வந்தேன். காலையில் எழும்பூரில் இறங்கி மயிலாப்பூருக்கு ஜட்கா பிடித்தேன்.

வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா சாமி, தந்தி வந்துச்சா?”

“ஆமாம்ப்பா.”

“இன்னா போட்டுக்கீது?”

“ஸ்டார்ட்.”

“ஐயோ பாவம்! எத்தினியோ ஸ்டார்ட்டை இட்டுக்கினு போயிருக்கேன். ஒண்ணுகூட நல்லதுக்கு இல்ல சாமி.” குதிரையைத் தட்டி விரட்டினார்.

இங்கிலீஷில் ஓரெழுத்து தெரியாதவருக்குத் தெரிகிற அர்த்தம், பி.ஏ. படித்த சேஷுவுக்குத் தெரியாதா?

வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும், எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். நடுவில் — கமலா! பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. நன்றாகத்தான் இருக்கிறாள்! ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதுவிட்டேன்.

வந்திருந்தவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள்.

“இன்னும் நிச்சயமே ஆகலை. பொண்ணைப் பிரியறதுக்கு இப்பவே அழறாரே!” என்று பிள்ளையின் தாயார் உருகினாள்.

அவர்கள் போனதும் சேஷுவைப் பிடித்தேன். “ஏண்டா, ‘ஆல் வெல்’னு ரெண்டு வார்த்தை சேர்த்தா என்ன?”

“சேர்த்திருந்தா வந்திருப்பேளா அத்திம்பேர்? அக்கா வரச்சொல்லி ரெண்டு லெட்டர் போட்டா. வேலை முடியலைன்னு எழுதினேள். இந்தத் தந்தியைக் காட்டினதாலதானே லீவும் கிடைச்சுது?”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்! ஆனால், ஒரு தகப்பனை வரவழைப்பதற்காக அவன் பெண்ணை வழி நெடுக அவன் மனசுக்குள் சாகடிக்க வேண்டுமா? பெண் பார்க்கிறதுக்கும் ஸ்டார்ட், லீவு வாங்குகிறதுக்கும் ஸ்டார்ட். நாளைக்கு நிஜமாகவே ஆபத்து என்றால் எந்த வார்த்தையைப் போடுவார்கள்?

இனி எவன் அப்படித் தந்தி கொடுத்தாலும் அசையமாட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

பொய். அப்போதும் முதல் ரயிலிலேயே ஓடி வருவேன் — அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.