சாவிக்காரர் பார்த்த தொடர்

சாவிக்காரர் கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்கு எதிராக ஓட்டுக் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு டிவி தொடருக்காக.

எல்லாவற்றுக்கும் காரணம் கேபிள்காரர். அவருடைய சொந்தச் சேனலில் மதியம் போட ஒன்றுமில்லாமல் மீன்தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். மீன்களைப் பார்த்துப் பார்த்து மக்கள் களைத்துப்போனதால், குடியிருப்பில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "உலகத்திலேயே தலைசிறந்த தொடர் எதுன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. முதல் எபிசோடிலேர்ந்து மறுபடி போடறேன்." உலகம் என்று அவர் சொன்னது அவருடைய ஹார்ட் டிஸ்க்கை. அதில் இருந்தவை மூன்று தொடர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் என்று முடிவாயிற்று.

மூன்றில் ஒன்று 'கோட்டை மர்மம்'. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருக்கு உயிர். அடுத்தது 'சபதக்காரி'. இரண்டாவது மாடி நர்ஸம்மா அதன் பரம ரசிகை. மூன்றாவது 'பாதி ஜன்னல்'. அதன் பெயரைக் கேட்டதும் சாவிக்காரரின் மனைவி முகத்தில் விளக்குப் போட்டது போல ஆயிற்று. சாவிக்காரர் முகத்தில் இருந்த விளக்கு அணைந்தது.

மனைவிக்குக் கண் தெரியாது. மொத்தமாக இல்லை, வெளிச்சம் இருக்கிறதா, இருட்டா என்பது வரைக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் போர்டில் வேலை. கண்ணுக்கும் சேர்த்துக் காது வேலை செய்யும். 'பாதி ஜன்னல்' ஓடிய காலத்தில் கதாநாயகியின் அண்ணன் வேஷத்துக்கு ஆள் மாற்றினார்கள். புது ஆள் வாயைத் திறந்து "அம்மா" என்றதுதான் தாமதம், "இது வேற ஆளு" என்றுவிட்டாள். அப்படிப்பட்ட காதை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் தொடர்களில் காதுக்கு வேலை இல்லாத இடங்கள் ஏராளம். வயலின் அழும். கேமரா ஒரே முகத்தை மூன்று முறை சுற்றி வரும். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் திரும்பி, "என்ன நடக்குதுங்க?" என்பாள். சொல்வது சாவிக்காரரின் வேலை.

ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னார். "பார்க்கிறாங்க." "யாரை?" "ஒருத்தரை ஒருத்தர்." "அப்புறம்?" "இன்னும் பார்க்கிறாங்க." பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்குத் தொடர் பார்ப்பது எவ்வளவு சலிப்பான காரியம் என்பதை அந்த நாட்களில் உணர்ந்தார்.

பிறகு ஒரு நாள் கண் டாக்டர், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் டிவியைப் போட்டார்கள். 'பாதி ஜன்னல்' கதாநாயகி ஜன்னலோரம் நின்றாள். வயலின். கேமரா சுற்றியது. "என்ன நடக்குதுங்க?" என்றாள் மனைவி. ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து கேட்டதெல்லாம் 'ஒன்றுமில்லை'தான். அதையே இன்னொரு தடவை அவளிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"மாமியார் பின்னாடி வந்து நிக்கிறா," என்றார். "இவளுக்குத் தெரியாது. ஒரு சால்வையை எடுத்து இவ தோள்ல போட்டுட்டு, சத்தம் காட்டாம உள்ள போறா."

"அந்தக் கிழவியா?"

"அவளேதான்."

"வாயைத் திறந்தா நெருப்பைக் கொட்டறாளே."

"வாய் வேற, கை வேற போல."

அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. சாவிக்காரர் அந்தச் சிரிப்புக்கு அடிமையானார்.

அதன்பின் அந்த மாமியார் கெட்டுப்போனாள். அதாவது நல்லவளாகிப் போனாள். திரையில் அவள் மருமகளின் பாலில் எதையோ கலந்தாள். சாவிக்காரர் வீட்டில் அதே பாலை ஆற்றிக் கொடுத்தாள். பாலைக் குடித்த மருமகள் மயங்கி விழுந்தபோது சாவிக்காரர் கொஞ்சம் திணறி, "பால் கெட்டுப்போச்சு போல, பாவம், கிழவி கவனிக்கல" என்று சமாளித்தார். வெளியே, "அந்த மாமியார் மாதிரி ஒரு பாத்திரம் எந்தத் தொடர்லயும் வரல" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் சிரித்தார்கள். குசும்பாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ரசனை என்று ஒரு சொல் இருப்பதால் உலகத்தில் எத்தனையோ பொய்கள் மாட்டாமல் தப்பிக்கின்றன.

இப்போது அந்தத் தொடர் ஜெயித்தால்? மத்தியானம் அவர் தன் பூட்டுச்சாவிக் கடையில் இருப்பார். மனைவிக்கு அந்த மாதம் முழுக்க சாயந்தர டியூட்டி. நர்ஸம்மா, "அக்கா, சேர்ந்து பார்க்கலாம்" என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். "இப்ப என்ன நடக்குது?" என்ற கேள்விக்கு நர்ஸம்மா பதில் சொல்வாள். நர்ஸம்மா உண்மை பேசுகிறவள். ஊசி போடுவதற்கு முன்னாலேயே வலிக்கும் என்று சொல்கிற ரகம். பால் விஷயம் முதல் வாரத்திலேயே வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதைத்தான் மனைவி நம்புவாள்? படியில் தண்ணீர் இருக்கிறது என்றால்கூட, நிஜமாகவா என்று காலை வைத்துப் பார்ப்பாள்.

எனவே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சாவிக்காரர் 'சபதக்காரி'க்கு ஓட்டுக் கேட்டார். பீரோ பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஹெட்மாஸ்டரையும் விடவில்லை.

"சார், கதைன்னா சபதக்காரிதான் சார். என்ன ஒரு சபதம்."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எதுக்காக சபதம் போட்டா, சொல்லுங்க பார்ப்போம்."

"அது வந்து, நியாயத்துக்காக."

"நீங்க ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை. பூட்டைப் பாருங்க."

செய்தி நாலாவது மாடியில் இருந்த அவர் வீட்டுக்கு லிப்டை விட வேகமாக ஏறியது. சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

"நீங்க சபதக்காரிக்குக் கேன்வாஸ் பண்றீங்களாமே."

"ஒரே தொடரை எத்தனை தடவை பார்க்கிறது. ஒரு மாறுதலுக்கு."

"நம்ம தொடருங்க அது."

அவர் தண்ணீரைக் குடித்தார்.

ஞாயிறு காலை கூட்டம் தொடங்கியது. ஹெட்மாஸ்டர் 'கோட்டை மர்ம'த்தின் பெருமைகளை எழுந்து நின்று பேசினார். கொலைகாரன் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாதாம். "எடுத்தவருக்கே தெரியாது சார், அதான் பாதியில நிறுத்திட்டாங்க," என்றார் கேபிள்காரர். நர்ஸம்மா 'சபதக்காரி'க்காகப் பேசினாள். கதாநாயகி மூன்று முறை செத்தாலும் மூன்று முறையும் திரும்பி வந்தாள் என்பது அவள் வாதம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு அது பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு மனைவி எழுந்தாள். கணவரின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பேசினாள்.

"எல்லாத் தொடர்லயும் நல்லவங்க பேசிப் பேசியே நல்லவங்களா இருக்காங்க. பாதி ஜன்னல்ல மட்டும்தான் ஒருத்தி வாயால கெட்டவளா இருந்து கையால நல்லவளா இருந்தா. கடைசிக் காட்சியை நினைச்சுப் பாருங்க. மருமக பெட்டியோட போயிட்டா. கதவு சாத்தியாச்சு. மருமக வெளிய பார்க்கக் கூடாதுன்னு அத்தனை வருஷமா அடைச்சு வெச்ச ஜன்னல் கதவுகிட்ட கிழவி போறா. போயி, ஸ்க்ரூவை ஒண்ணொண்ணாக் கழட்டறா. ஒண்ணு மட்டும் துரு பிடிச்சு வரல. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது ஊறட்டும்னு நிக்கிறா. அவசரப்பட்டா ஸ்க்ரூ தலை வழுக்கிடும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் திறக்கிறா. மருமக போன தெரு தெரியுது. அந்த மாதிரி ஒரு முடிவை யாரு எடுத்தாங்க, சொல்லுங்க."

துருப்பிடித்த ஸ்க்ரூவில் எண்ணெய் விட்டுக் காத்திருக்கும் மாமியாரை எந்தத் தொடரிலும் யாரும் பார்த்ததில்லை. அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒருவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாத் தலைகளும் மெல்ல அவர் பக்கம் திரும்பின. சாவிக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எதையும் கவனிக்காத ஒரே ஆள் கேபிள்காரர். "இப்படி ஒரு சீன் இருக்கா? கடைசி எபிசோட் போன்லயே இருக்கு, போட்டுப் பார்த்துடுவோம்," என்றார்.

"வேண்டாம்ப்பா," என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஏன் வேண்டாம் சார்? போடுங்க," என்றாள் மனைவி.

வயலின் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். மறுபடி வயலின். மனைவி காதைச் சாய்த்து நின்றாள். "இப்ப கழட்டறாளா?" என்றாள். "எண்ணெய் விடறாளா?" வயலின் ஓய்ந்தது. சோப்பு விளம்பரம் வந்தது.

நர்ஸம்மா எழுந்து வந்து மென்மையாகச் சொன்னாள். "அக்கா, மருமக முகத்தோட நின்னுடுச்சு. ஜன்னல் வரல."

"சரி, என் ஓட்டு சபதக்காரிக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தாள். வழக்கமாக அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாவிக்காரர் இரண்டடி பின்னால் போனார். லிப்டில் இருவரும் அந்நியர்களைப் போல ஏறினார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சால்வை?"

"இல்ல."

"பாலு?"

"அவ கலந்தது வேற."

"கடவுளே, நான் அவளைப் பத்தி ஆஸ்பத்திரில டாக்டருங்ககிட்டல்லாம் பேசியிருக்கேன்."

"தப்புதான்."

"தொடர் போகட்டும்." அவள் குரல் இறங்கியது. "நம்ம பொண்ணு வேலைக்குன்னு அவ்ளோ தூரம் ரயில் ஏறினாளே. சிரிச்சுக்கிட்டே கையாட்டினான்னு சொன்னீங்க. அதுவும் நீங்க எடுத்த சீன்தானா?"

சாவிக்காரர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தது, மாமியாருக்கு அல்ல.

"கையாட்டினா. அது நிஜம். ஆனா சிரிக்கல. அழுதா. மூக்கெல்லாம் சிவந்து, சின்ன வயசுல பல் பிடுங்கினப்ப அழுதாளே, அப்படி. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு உதட்டுல விரலை வெச்சுக் காட்டினா."

"ரெண்டு பேரும் கூட்டு," என்றாள்.

"ஆமா."

"நான்கூட நினைச்சேன், இவளுக்கு நம்ம மேல ஒட்டுதல் இல்ல, சிரிச்சுக்கிட்டே போயிட்டாளேன்னு. இத்தனை நாளா அதை மனசுல வெச்சுக்கிட்டு அவகிட்ட போன்ல சுள்ளுனு பேசிக்கிட்டிருக்கேன்."

சாவிக்காரருக்கு அது புதுச் செய்தி. மனைவி சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொன்ன ஒரு பொய், எந்தச் சத்தமும் இல்லாமல் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

"என் முகம் இப்ப எப்படி இருக்கு?" என்றாள் திடீரென்று. "ஜோடிச்சுச் சொன்னீங்கன்னா குரல்லயே தெரிஞ்சிடும்."

அவர் பார்த்தார். நிதானமாக, ஒரு பூட்டின் உள்ளே பார்ப்பது போலப் பார்த்தார்.

"கோபமா இருக்கு. கண்ணு ஓரத்துல ஈரம் இருக்கு. நெத்தியில முடி ரெண்டு நரைச்சது தனியா நிக்குது. அப்புறம், இடது கன்னத்துல பவுடர் திட்டா இருக்கு."

"திட்டாவா? எப்பத்துலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

"இதோடயா நான் கூட்டத்துல நின்னு பேசினேன்?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சு."

அவள் உதடுகள் இறுகின. சிரிப்பா கோபமா என்று அவரால் சொல்ல முடியவில்லை; கேட்டிருந்தால் அதையும் அப்படியேதான் சொல்லியிருப்பார். அவள் கன்னத்தைத் துடைத்தாள். "அந்தக் கன்னம் இல்ல," என்றார். "பின்ன துடைச்சு விடுங்களேன், வேடிக்கை பார்த்துக்கிட்டு," என்று முகத்தை நீட்டினாள்.

கட்டைவிரலால் துடைத்துவிட்டார். பவுடர் போயிற்று. காலையில் ஒரு சாவி வெட்டிவிட்டுக் கையைக் கழுவாமல் கூட்டத்துக்கு வந்திருந்தார். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

சாவிக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது.

"இப்ப கறுப்பா ஆயிடுச்சு," என்றார்.

"துடைங்க," என்றாள், முகத்தை எடுக்காமல். "முடிச்சிட்டுப் பொண்ணுக்குப் போன் போடுங்க. நான் பேசணும்."