துடியலூர் வரைக்கும் வந்த படம்

சென்னியப்பண்ணன் போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு போனை எடுத்துப் பார்த்தால், நம் ஃபிலிம் கிளப் குழுவில் அவர் போட்டோ. சுற்றிலும் மெழுகுவர்த்தி, பின்னால் தங்க நிறத்தில் படச்சுருள், கீழே ‘ஐந்து நட்சத்திர ரசிகருக்குக் கண்ணீர் அஞ்சலி’. எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, எரிச்சல். படத்துக்கு நட்சத்திரம் போடுகிறவனைக் கண்டாலே சண்டைக்குப் போகிற மனுஷன் அவர். செத்த அன்றைக்கே அவர் தலையில் ஐந்தைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டீர்கள். பருப்பு அடிபிடித்த வாடை வந்த பிறகுதான் எழுந்து அடுப்பை அணைத்தேன். அப்புறம் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். அவர் பம்ப் கம்பெனி ஒன்றில் பர்சேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு துடியலூர். நான் பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுத்தவள். வீடு கவுண்டம்பாளையம். நம் கிளப் படம் போடும் இடம் காந்திபுரத்துக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் என்பது உங்களுக்குத் தெரியும். முகூர்த்த நாளாக இருந்தால் ஐரோப்பியத் துயரத்தோடு ரச வாசனையும் வரும். படம் முடிந்து ஞாயிறு மதிய வெயிலில் நாங்கள் இருவரும் ஒரே பஸ் ஏறுவோம். லேடீஸ் சீட்டில் நான், எனக்குப் பின்சீட்டில் ஜன்னலோரம் அவர்.

படம் முடிந்த பிறகு கூடத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். எல்லோரும் வட்டமாக நின்று ‘ஃப்ரேம்’, ‘லேயர்’ என்று கதையளக்கும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “படத்தைப் பத்தி அங்க நின்னு என்னங்க பேச்சு? அது நம்மகூட எவ்வளவு தூரம் வருதுன்னு பாக்கோணும்” என்றார்.

அதுதான் அவர் அளவுகோல். பஸ்ஸில் பேசாமல் வருவார். படம் மனதை விட்டுப் போன நிமிஷத்தில் என் சீட்டுக் கம்பியைத் தட்டி ஜன்னலுக்கு வெளியே கை காட்டுவார். “அதா, எறங்கிப் போகுது பாருங்க அம்மணி. திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்குது.” உலகமெல்லாம் மாலை போட்டுக் கொண்டாடிய படங்கள் வடகோவை மேம்பாலம் ஏறுவதற்குள் இறங்கியிருக்கின்றன. சாய்பாபா காலனி வரை வந்தால் பரவாயில்லாத படம். என் வீடு இருக்கும் கவுண்டம்பாளையம் தாண்டினால் நல்ல படம். துடியலூரில் அவரோடு கூட இறங்கி வீட்டுக்கு நடந்தால்தான் அது படம். கவுண்டம்பாளையத்துக்கு அப்பால் என்ன ஆனது என்று எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். வந்ததும் கேட்பேன். பெரும்பாலும் கையை விரிப்பார்.

ஒருமுறை தீர்ப்புச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். இன்னொரு தடவை பார்த்தால் பிடிக்கலாமே என்று நம் செயலாளர் பிரபு ஒரு படத்துக்காகக் கெஞ்சினான். “ரிஜெக்ட் பண்ணி அனுப்புன பம்ப் காஸ்டிங்கை மறுக்கா பிரிச்சுப் பாக்கறதில்லீங்க தம்பி” என்று முடித்துவிட்டார். கம்பெனியிலும் அப்படித்தானாம்.

நம்மூரில் வந்து படம் எடுப்பவர்கள்மீது அவருக்கிருந்த இளக்காரம் தனி. திரையில் தென்னந்தோப்பும் வாய்க்காலும் வந்தவுடனே என் பக்கம் குனிவார். “ஏனுங்க அம்மணி, இது நம்ம ஆனமலை ரோடு தானுங்க? இங்க நின்னுக்கிட்டு மருதைப் பாஷை பேசறானே, வழி தெரியாம வந்துபோட்டானாட்ட இருக்குது.” அதைவிடக் கேவலம், கொங்குப் பேச்சு என்று சொல்லிக்கொண்டு வரும் படங்கள். காமெடிக்காரன் ஒருவன் மூச்சுக்கு மூச்சு ‘ங்க’ போட்டுக் கூழைக் கும்பிடு போடுவான், கூடம் கைதட்டும். சென்னியப்பண்ணன் மட்டும் பல்லைக் கடிப்பார். “மரியாதைக்குப் போடறோம்னு நெனச்சுட்டானுங்க. நாம சண்டை போடறப்பத்தானுங்க எச்சா, ஒண்ணுக்கு ரெண்டா ‘ங்க’ போடுவோம். அது இந்தக் கெரகம் புடிச்சவனுகளுக்குத் தெரியாது” என்றார் ஒருநாள். நாற்பது வருஷம் வகுப்பெடுத்த எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது.

துடியலூர் வரைக்கும் வந்த படங்கள் என்று அவர் ஒத்துக்கொண்டவை வெகு சொற்பம். ஒன்று, பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம். பெண் பார்க்க வந்தவன் வீடு மாறிப் போய், சொல்ல வெட்கப்பட்டு, வைத்ததையெல்லாம் தின்று தீர்ப்பான். “அந்தப் படத்துல இட்லி நெசமாலுமே சுடுதுங்க. ஊதி ஊதித் திங்கறான் பாருங்க” என்பது அவர் சொன்ன காரணம். இன்னொன்று மலையாளப் படம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துவார்கள். இந்த இரண்டும் சரி. மூன்றாவது என்ன தெரியுமா? ஒரு கராத்தே படம்! அதுவும் சப்டைட்டில் ஒரு பக்கமும் சண்டை ஒரு பக்கமுமாக ஓடிய கண்றாவி. “தோத்துப்போட்டு பேசாம ஊட்டுக்குப் போறான் பாருங்க, அதுக்கோசரம்” என்றார் கண்கலங்கி. உங்கள் ரசனையைக் கொண்டுபோய் நொய்யல் ஆற்றில் கரைத்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். அவருக்கு ஏக சந்தோஷம்.

இப்போது என் படத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த படம் எதுவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வேன். வடக்கே ஏதோ ஒரு குளிர் தேசம். கரைக்கும் தீவுக்கும் படகு ஓட்டும் ஒருத்தி. தீவில் ஆட்கள் காலி செய்து போய்விட்டார்கள். குளிர்காலம் முழுக்க யாரும் படகில் ஏறவில்லை. அவள் தினமும் வந்து, கட்டிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அதன் டிவிடியை நானே தேடி வாங்கி, கிளப்பில் போட வைத்து, முன்னால் நின்று அறிமுகமும் பேசினேன். படம் முடிந்து எல்லோரும் வாசலில் குவிந்திருந்தபோது, சென்னியப்பண்ணன் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: “செருப்பு போடறப்பவே போயிருச்சுங்க அம்மணி.”

பஸ் ஸ்டாப்புக்குக்கூட வரவில்லையாம்! அன்றிலிருந்து நம் குழுவில் மட்டமான படத்துக்குச் ‘செருப்பு’ என்று பேர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பேர் வந்தது என் படத்தால்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ. அதற்குப் பிறகு அவர் அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. கராத்தே படம் பார்த்துவிட்டுக் கண்கலங்குகிற ஆளிடம் கேட்க என்ன இருக்கிறது? அந்தக் கோபம் எனக்குக் கடைசிவரை ஆறவில்லை. இப்போதும் ஆறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

அவர் இறந்த மறுவாரம் பிரபு அஞ்சலிக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தான். பேச்சு முடிந்ததும் அவர் நினைவாக ஒரு படம். எந்தப் படம் என்று கேட்டேன். சாகக் கிடக்கும் பையன், அவனுடைய நாய், ஒரு பியானோ எல்லாம் வருமே, அது. சென்னியப்பண்ணன் வாசல் டீக்கடையிலேயே கழற்றி விட்ட படம். நோட்டீஸில் ‘எல்லாப் படங்களையும் நேசித்த இதயம்’ என்று வேறு போட்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவர் முக்கால்வாசிப் படத்தை வெறுத்தவர். அப்படிப் போடு தம்பி” என்றேன்.

“செத்துப்போனவங்களப் பத்தி அப்படிச் சொல்லலாமுங்களா மேடம்? நாலு பேரு படிக்கறது.”

“நாலு பேரும் படிக்கட்டும். அந்த மனுஷன் சும்மா யாரையும் புகழாமல் இருந்தார். அது ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டு நாயையும் பியானோவையும் கொடுத்து அனுப்புகிறாயே!”

அவனும் சளைத்தவன் இல்லை. “அப்ப அவருக்குப் புடிச்ச படம் எதுன்னு அவங்க ஊட்டுல கேட்டுச் சொல்லுங்க. அதையே போட்டுக்கலாம்” என்றான்.

அந்த இட்லிப் படம் என்று அவருடைய மனைவி சரசக்கா சொன்னால் போதும், பிரபுவின் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு துடியலூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். அக்காவை நான் வீட்டு விசேஷங்களில் பார்ப்பதுதான், அவர் கிளப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தவரில்லை. ஒறம்பரை சொந்தமெல்லாம் கிளம்பிப் போய், கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். “வா கண்ணு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்துவிட்டு விஷயத்தைக் கேட்டேன்.

“புடிச்ச படமா? அதெல்லாம் எனக்கென்ன தெரியும் கண்ணு. ஆனா ஊட்டுல ஓயாம பேசுனது ஒரே படந்தான். அந்தப் படகுக்காரி படம்.”

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

“பேசுனாருன்னா நல்லவிதமா இல்ல, வைவாரு. திங்கறப்ப வைவாரு, தண்ணி மோட்டார் போடப் போறப்ப வைவாரு. ‘கயிறு அவ கையிலதானடி இருக்குது, அவுத்துட்டுப் போறதுக்கு அவளுக்கென்ன கேடு’ன்னு எங்கிட்டக் கேப்பாரு. நா என்னத்தக் கண்டேன்? ஆஸ்பத்திரில படுத்திருக்கறப்பக்கூட ஒருக்கா கேட்டாரு. யாரோ சொந்தக்காரியைச் சொல்றாருன்னு நர்ஸம்மா நெனச்சுக்கிச்சு.” என் கையை விடாமலே, “கடைசில அவ போனாளா கண்ணு? அதைய மட்டும் அவரு சொல்லவே இல்ல” என்றார்.

“நீங்களே வந்து பாத்துக்குங்க அக்கா” என்று மட்டும் சொன்னேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது எவ்வளவு வசதி! பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் அவரை வைது தீர்த்தேன். பாவி மனுஷா, செருப்பு போடும்போதே போய்விட்டது என்று ஊரைக் கூட்டிச் சொன்னீரே. அந்தப் படம் உம்மோடு துடியலூரில் இறங்கி, வீட்டுக்குள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்று, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறது. ரிஜெக்ட் பண்ணியதைப் பிரிப்பதில்லை என்ற ஒரு வீம்புக்காக என்னிடம் மூச்சு விடவில்லை. பிடித்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. ஆனால் அவர் அளவுகோல் பிடிப்பதற்கு வைத்ததில்லையே, தூரத்துக்கு வைத்ததுதானே?

படகுக்காரியைப் போடு என்று பிரபுவிடம் சொன்னேன். “அது செருப்பாச்சே மேடம்” என்றான். அதையேதான் என்றேன். நோட்டீஸிலிருந்து நேசித்த இதயத்தை எடுக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே வெறும் பேரை மட்டும் போட்டான்.

அஞ்சலி அன்றைக்கு நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள், பாதியில் எழுந்தும் போனீர்கள். கண்ணீர் அஞ்சலி எழுதின கைகள் போன் நோண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சரசக்கா மட்டும் முன்வரிசை இரும்பு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்தது. யாரும் படகில் ஏறவில்லை, அவளும் போகவில்லை. வாசலில் அக்கா செருப்பு மாட்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வடகோவை மேம்பாலம் ஏறும்போது என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷம் என்னை ‘வா கண்ணு, போ கண்ணு’ என்றே பேசியவர்.

“ஏனுங்க டீச்சர், இதையெல்லாம் ஒரு படம்னு எடுத்திருக்கானுங்களே, அவனுக்கு வேற சோலி இல்லீங்களா? ஊற வெச்ச துணிய அப்பிடியே போட்டுட்டு வந்தேனுங்க நானு. கயிறு அவ கையிலதானுங்க இருந்துச்சு?”

“ஆமாங்க அக்கா.”

“அப்பறம் என்னங்க? ஒருத்தரும் வரலைன்னா அவளுக்குக் காலு இல்லீங்களா, கை இல்லீங்களா? ஆருக்கோசரமுங்க அப்படிக் குக்கி உக்காந்து கெடக்கறா? அவரு வைததுல ஒண்ணும் தப்பில்லீங்க!” கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை, வைவதை நிறுத்தவும் இல்லை.

சாய்பாபா காலனி போயிற்று. கவுண்டம்பாளையம் வந்தது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து விசில் ஊதாமல் நின்றான். எனக்கு இறங்க மனசு வரவில்லை, போகச் சொன்னேன். சென்னியப்பண்ணனுடைய நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் இதுதான். ஒரு படத்தைப் பற்றி என்னிடம் யாரும் நல்லது சொல்ல வேண்டியதில்லை. எந்த ஸ்டாப் வரைக்கும் வைதீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

துடியலூரில் இரண்டு பேரும் இறங்கினோம். சரசக்கா இன்னும் வைதுகொண்டுதான் இருந்தார்.