சாம்பிராணி போட்ட கார்

என் வீட்டுக்காரர் வீட்டில் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. காரை மட்டும் அவர்தான் துடைப்பார், வேறு யாரும் தொடக்கூடாது. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கி இரண்டு வருஷமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லை. வெயில் காலத்தில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே இறங்கப் பார்க்கும். அப்படிப்பட்ட மகராசன்தான், எங்கள் மகளின் வளைகாப்பு வாரத்தில், துறைமுகத்தில் சங்கரா மீன் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பை நிறைய வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

மகளைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். மூன்று மாதத்தோடு நிற்க வேண்டிய வாந்தி அவளுக்கு ஏழு மாதமாகியும் நிற்கவில்லை. சின்ன வாடைக்கே குடல் புரளும். சம்பந்தியம்மா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வளைகாப்பு முடிந்ததும் தாராளமாகக் கடலூருக்கு அழைத்துப் போங்கள், துணைக்கு நானும் வருகிறேன், ஆனால் வழியில் வாந்தி எடுத்துத் துவண்டால் திருப்பி அழைத்து வந்துவிடுவேன், பிரசவம் இங்கேயே ஆகட்டும். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவர் தலைப்பிரசவத்துக்கு வரும் மகளுக்காக அறைக்குப் பெயின்ட் அடித்து, கொசுவலையும் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் கார் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் வந்தோம். சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிளாஸ்டிக்தான் காப்பாற்றியது என்று இவருக்குப் பெருமை வேறு. அந்த பிளாஸ்டிக்கில் வழுக்கித்தான் மீன் தண்ணீர் அத்தனையும் கீழே இறங்கி, கால் வைக்கிற விரிப்புக்கு அடியில் ஊறிக் கிடந்தது. கார் கழுவும் இடத்தில் விட்டுவிட்டு வாங்க என்றேன்.

“கண்டவன் கை வெக்கிறதுக்கா காரு வாங்குனேன்?” என்றார்.

அப்புறம் செய்ததுதான் கூத்து. போகிக்கு வீடு கழுவுகிற மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரைக் காருக்குள்ளேயே ஊற்றினார். பினாயில் ஊற்றி, விளக்குமாற்றால் பரபரவென்று தேய்த்தார். வீட்டிலாவது தண்ணீர் வெளியே போக ஒரு தூம்பு இருக்கும். காருக்கு எங்கே இருக்கிறது? எல்லாம் கீழ்விரிப்புக்குள் போய்த் தங்கிவிட்டது. ஒரு வெயில் காய்ந்ததும் மீனும் பினாயிலும் ஈரச்சாக்கு வாடையும் ஒன்றாகக் கிளம்பின.

சாயங்காலம் தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணியைக் கொட்டி, காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். புகையைப் பார்த்து, கார் தீப்பிடித்துவிட்டதென்று எதிர்வீட்டுக்காரர் குடத்தோடு ஓடிவந்தார். நல்லவேளை, அவர் ஊற்றுவதற்குள் தடுத்துவிட்டோம்.

“இப்ப மோந்து பாரு” என்றார் இவர்.

“கோயில் வாசல்ல மீன் கடை போட்ட மாதிரி இருக்குது” என்றேன்.

எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவர், அன்றைக்குச் சோறு வேண்டாமென்று போய்ப் படுத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. சும்மா இருந்திருக்கலாம், இந்த வாய் எங்கே கேட்கிறது? பிள்ளை வருவாளா மாட்டாளா என்று நானும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தக் காரிலேயே சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம், வளைகாப்பும் நல்லபடியாக முடிந்தது. கிளம்பும்போது முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மகள் செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

“அதெல்லாம் வேணாம்மா, அப்பிடியே ஏறு” என்றார். அந்தக் காரின் சரித்திரத்திலேயே அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டாள். சம்பந்தியம்மாவும் நானும் பின்னால். கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு, மாட்டுவண்டிகூட முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். புதுச்சத்திரம் தாண்டும்வரை சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, எப்படிம்மா இருக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். இவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். ஆலப்பாக்கம் வந்தது, முதுநகர் வந்தது, வீடும் வந்தது. ஒரு ஓங்கரிப்புகூட இல்லை.

சம்பந்தியம்மா இறங்கியதும், “பரவால்ல, தாங்கிக்கிட்டா. இங்கியே இருக்கட்டும்” என்றார். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மகள் நேராகக் குளியலறைக்குப் போனாள். வளையல் சத்தம் கேட்டுப் பின்னாலேயே ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, வளைகாப்பில் சாப்பிட்ட அத்தனையையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே கேட்காமலிருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

முகம் கழுவியதும் என் தோளில் சாய்ந்தாள். “மூச்ச அடக்கி அடக்கியே வந்தேம்மா. அப்பாகிட்ட சொல்லிடாத.”

வெளியே வந்தபோது, இவர் சாம்பிராணி எவ்வளவு போட வேண்டுமென்று சம்பந்தியம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தி, “என்னா சொல்ற இப்ப?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை நான்.

“நல்லா கழுவியிருக்கீங்க” என்றேன்.