நட்சத்திரம் தொங்காத வீடு

டிசம்பர் பிறந்துவிட்டால் தாராவியில் எங்கள் சந்தில் எது கிறிஸ்தவ வீடு என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். எங்கள் வீட்டில் மட்டும் முப்பது வருடத்துக்கு மேலாகத் தொங்காமலே இருந்தது. கேட்டால், "வயர் பழசு, தீப்பிடிச்சிரும்" என்பாள் அம்மா. சின்ன வயதில் அதற்காக வருடாவருடம் சண்டை போட்டிருக்கிறேன். உண்மையான காரணம் எனக்கும் தெரியும். அதை அம்மா வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்ற வீம்புதான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும்.

தொண்ணூற்றிரண்டு டிசம்பரில் நடந்த இந்து முஸ்லிம் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர் குடும்பம். எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான், முஸ்லிம்கள். அம்மா அவரை அண்ணாச்சி என்பாள், அவர் மனைவியை மைனி என்பாள். எனக்கு அவர் அத்தை. அங்கிருந்து நோன்புக் கஞ்சி வரும். இங்கிருந்து அச்சு முறுக்கு போகும்.

அன்று மதியம் கூட்டத்தின் இரைச்சல் சந்து முனைக்கு வந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கதவைத் தாழிட்டு, என்னையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"ஏளா, நாந்தாம்ளா. கதவத் தொற."

அத்தையின் குரல். மூன்று முறை தட்டினார். கட்டிலுக்கு அடியிலிருந்து எனக்கு அம்மாவின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கதவருகே நின்ற அந்தக் கால்கள் அசையவில்லை. பிறகு தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டை யாரும் தொடவில்லை. வாசலில் நட்சத்திரம் இருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின்கள் எல்லாம் எரிந்தன. அத்தை பின்பக்கமாக ஓடித் தப்பித்தார். அண்ணாச்சிக்கு வலது கை உடைந்தது. கத்தரி பிடிக்கிற கை. அடுத்த மாதமே அவர்கள் தேவ்நாருக்குக் குடிபோனார்கள். அம்மா நட்சத்திரத்தைக் கழற்றி, மடித்து, எங்கோ போட்டுவிட்டாள்.

பல வருடங்கள் கழித்து அத்தையின் மகன் எங்கள் சந்திலேயே தையல் பட்டறை போட்டார். அத்தையும் வந்துபோகத் தொடங்கினார். பண்டிகைகளுக்கு முன்னால் சந்துப் பெண்கள் பாலர் பள்ளி அறையில் சமாதானக் கூட்டம் நடத்துவார்கள். அதற்குத் தவறாமல் வருவார். அம்மாவும் போவாள். இருவரும் முட்டிவலி பேசுவார்கள், பேரப்பிள்ளைகள் பேசுவார்கள். கதவைப் பற்றி மட்டும் மூச்சுவிட்டதில்லை.

எனக்கு இந்தச் சமாதானக் கூட்டங்கள் என்றாலே ஆகாது. நாலு பேச்சு, ஒரு போட்டோ, முடிந்தது என்று நினைப்பேன். போன வருடம் அம்மாவுக்கு நடக்க முடியவில்லை என்பதால் செம்பூரிலிருந்து வந்து நான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு விதி வைத்திருந்தார்கள். 'வோ லோக்', அதாவது 'அந்த ஆளுங்க', என்ற பேச்சே வரக் கூடாது. யார் பேசினாலும் 'நான்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். தப்பிச் சொல்லிவிட்டால் எழுந்து எல்லாருக்கும் டீ ஊற்ற வேண்டும். அம்மா எந்தக் கூட்டத்திலும் வாயே திறந்ததில்லை, ஆனால் கெட்டில் எப்போதும் அவள் கையில்தான் இருக்கும் என்று பக்கத்தில் இருந்த மராத்திக்காரப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மசூதி, கோயில் ஒலிபெருக்கிச் சண்டை பற்றிப் பேச்சு வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "வோ லோக்" என்று ஆரம்பித்தேன். அறையே சிரித்தது. அம்மாவின் கையிலிருந்து கெட்டிலை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்குக் கையில் வேலை இல்லாமல் போயிற்று. கொஞ்ச நேரம் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் கதவத் தொறக்கல மைனி" என்றாள். "நான் உள்ளதான் நின்னேன். ஒங்க கொரலு கேட்டுச்சு. தாழ்ப்பாள்ல கைய வச்சிக்கிட்டே நின்னேன். பிள்ளையளுக்காவன்னு சொல்ல மாட்டேன். நான் பயந்துட்டேன்."

தமிழ் தெரியாதவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள்.

அத்தை தரையில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"நான் ஒன் வீட்டு ஸ்டாரப் பாத்துத்தாம்ளா தட்டுனேன். நான் ஒன்ன ரொம்ப நாளு ஏசுனேன். தொழுதுட்டு, அந்தப் பாயில இருந்துக்கிட்டே ஏசிருக்கேன். பொறவு ஒருநா யோசிச்சேன். நான் உள்ள நின்னு நீ வெளிய தட்டிருந்தா, நான் தொறந்திருப்பனா? இன்னைக்கு வரைக்கும் தெரியல. அது தெரியாம ஒன்மேல கோவத்த எப்படி வச்சுக்கிட முடியும்? நான் என் மட்டுக்கு விட்டுட்டேன். அவுக விட்டாகளான்னு எனக்குத் தெரியாது. அவுக மௌத்தாயிட்டாக. அத நான் சொல்ல முடியாது."

இறந்துபோன கணவருக்காகக் கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை அவர். தன்னிடம் இருந்ததை மட்டும் கொடுத்தார். நான் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன், அவர் தரையில் இருந்தார். ஆனாலும் அண்ணாந்து பார்ப்பது போலத்தான் இருந்தது. இந்த நாடு ஆறுவதாக இருந்தால் மேடையில் ஆறாது, இப்படித்தான் ஒவ்வொரு கதவாக ஆறும் என்று அன்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அந்த டிசம்பரில் அத்தை தேவ்நாரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் தாதரில் வாங்கிய ஒரு நட்சத்திரம். சிவப்புக் காகிதம், உள்ளே பல்பு.

"வயர் பழசு மைனி" என்றாள் அம்மா.

"கெடக்கு."

நான் ஸ்டூலில் ஏறி வாசலில் மாட்டினேன். "உள்ள போயி சுவிட்சப் போடு, நேரா தொங்குதான்னு வெளிய நின்னு பாக்கேன்" என்றார் அத்தை. நான் உள்ளே வந்ததும் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். சுவிட்சைப் போட்டேன்.

வெளியிலிருந்து கதவு ஒரு முறை தட்டப்பட்டது.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். இரண்டாவது தட்டு விழுவதற்குள் அவை கதவுக்குப் போய்விட்டன.