பரக்கத்தைச் சேர்க்காத பத்து

கையூன்றாமல் கதிரையில் இருந்து பத்துத் தடவை எழும்பி உட்கார வேண்டும். என் முழங்காலுக்கான காலைப் பயிற்சி அவ்வளவுதான். இரண்டு மாதமாக ஒரு நாளும் தவறவிடவில்லை. இன்று முதல் தடவை எழும்பியபோது கதிரை கிரீச்சிட்டது. ஒன்று என்று சொல்லவேண்டிய என் வாய் “பரக்கத்” என்றது.

வாப்பா அப்படித்தான் எண்ணுவார். கற்பிட்டியில் தேங்காய் எண்ணுவது அவர் தொழில். முதல் காயை ஒன்று என்னாமல் பரக்கத், இறைவனின் அருள், என்று வாழ்த்திவிட்டு ரெண்டு, மூணு என்று போவார். லொறியிலிருந்து விழுந்து அவர் முழங்கால் மடங்காமல் போனபோது, சிலாபம் ஆஸ்பத்திரியில் இதே பயிற்சியைத்தான் சொல்லி அனுப்பினார்கள். நெற்றி பாயில் படாமல் கதிரையில் உட்கார்ந்து தொழுவதுதான் வாப்பாவுக்குத் தாங்கவில்லை.

விடியலில் சுபஹு தொழுதுவிட்டுத் தொடங்குவார். பத்து என்றதும் குசினியில் உம்மா தேங்காய் திருவும் சத்தம் நிற்கும்.

“ஒம்பதுதான் ஆச்சு.”

“பத்து புள்ள!”

“பரக்கத் அல்லாஹ்ட. அத ஒங்கட கணக்குல சேக்க ஏலா. இன்னொண்டு எழும்புங்க.”

முனகிக்கொண்டே எழும்புவார். ஒரு பெருநாள் காலையில் கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் நெற்றி பாயில் பட சுஜூது செய்தார். கதவோரம் நின்ற உம்மா அன்று ஒன்றும் எண்ணவில்லை.

இன்று தேத்தண்ணியோடு வந்த என் மகள் கேட்டாள்: “பத்துதானே உம்மா? பதினொண்டு எழும்புறீங்க.”

“பத்துதான் மகள்,” என்றேன். “பரக்கத்த சேக்க ஏலா.”