சாரலில் நனையாத கொடி

பிள்ளைகளே, அப்பா ஏன் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை என்று கேட்டீர்களே, சொல்லுதேன்.

உலகச் சண்டை தொடங்குமுன் குற்றாலத்தில் ஒரு பிரெஞ்சுச் சாமியாருக்கு நான் சமையல்காரன். பிரான்சின் தெற்கே, ஆற்றங்கரையில் சின்ன ஊர் அவருடையது. எங்கு பார்த்தாலும் திராட்சைத் தோட்டமாம். அங்கிருந்து கொண்டுவந்த கொடி ஒன்றைத் தொட்டியில் வளர்த்தார்.

"பறிப்பு முடிந்த அன்று தோட்டத்து முதலாளியும் கூலியாளும் ஒரே மேசையில் உட்கார்ந்து குடிப்போம்" என்று ஒருநாள் ஆசையாகச் சொன்னார்.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. நம் தெருக்காரர்கள் கோயிலுக்கு வெளியே, கூரையில்லாத இடத்தில் நின்றுதான் பூசை காண்போம். பெரியவள் அப்போது கைக்குழந்தை, இருமல் விடவில்லை.

"சாமி, பிள்ளையோட எம் பொஞ்சாதி சாரல்ல நனையுதாளே. உள்ள ஒரு ஓரமா நிக்கட்டுமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது என் ஊர் வழக்கம், இது உங்கள் ஊர் வழக்கம். மாற்றினால் மேலத்தெருக்காரர்கள் கோயிலுக்கு வரமாட்டார்கள்" என்றார். பிறகு, "சாரல் வலுக்கிறது. கொடியை உள்ளே எடுத்து வை, நனைந்தால் அழுகிவிடும்" என்றார்.

எடுத்து வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது தம் கையால் கஞ்சி கொடுத்தவர். அதனால்தான் இன்னும் கசக்கிறது.

சாயங்காலம் அவர் செபத்துக்குப் போனபின், தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், சாரல் நன்றாக விழும் இடமாகப் பார்த்து வைத்தேன்.