கார் நிக்கோபாரில் ஒரு கணவர்

எனக்குக் கல்யாணம் ஆனது போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில் ஒரு மளிகைக் கடையில். துவரம்பருப்பில் கல் இருக்கிறதா என்று உள்ளங்கையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வரவில்லை. வர வழியும் இல்லை, அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

கடைக்கார பாய் ராமநாதபுரத்துக்காரர். எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தது, இங்கே யாருக்கு யார் என்ன வேண்டும் என்ற மூன்றும் கேட்காமல் யாரையும் விடமாட்டார். இரண்டு பெண்கள் ஒரே பையின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு வாராவாரம் வருவதை அவரும் எத்தனை நாள்தான் சும்மா பார்ப்பார்? அன்று கேட்டுவிட்டார். என்னோடு வந்தவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இது எனக்க மைனியாக்கும் பாய். அண்ணனுக்கு வேல கார் நிக்கோபார்ல."

மைனி என்றால் அவர்கள் நாகர்கோவில் பக்கத்தில் அண்ணி. மதுரைக்காரியான எனக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறியபோது பாய் எழுந்து நின்று, என் கையில் இருந்த பருப்பை வாங்கிக் கொட்டிவிட்டு, உள்ளே இருந்த வேறு சாக்கிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார். கல்யாணமான பெண்ணுக்குக் கல்லில்லாத பருப்பு.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு எப்படிக் கல்யாணம் பண்ணிவைக்கலாம் என்று கத்தினேன். அவசரத்துக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லையாம். அதோடு விட்டாளா? அண்ணன் தங்கமான பையன், குடிப்பழக்கம் இல்லை, எனக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று வழி நெடுகச் சிபாரிசு வேறு. அவளுக்கு அண்ணனே கிடையாது. கூடப் பிறந்தது நான்கு தங்கைகள்.

அவள் நர்ஸ். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சித்தப்பா குடும்பத்தோடு போர்ட் பிளேருக்கு வந்தவள் நான். சித்தப்பா இரண்டே வருடத்தில் மெயின்லேண்டுக்குத் திரும்பியபோது நான் வரமாட்டேன் என்று நின்றுவிட்டேன். காரணம் வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன். காரணம் அவள். வந்த கப்பலிலேயே எனக்கு அவளைத் தெரியும். மெட்ராஸில் ஏறியதிலிருந்து எனக்கு ஓயாத வாந்தி. பக்கத்துப் படுக்கையில் இருந்தவள் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் வந்தாச்சு, இனி குடலு மட்டும்தான் பாக்கி" என்றாள். அந்த நிலைமையிலும் ஒருத்தியை எனக்குப் பிடித்துப்போனது என்றால் அது சாதாரண சமாசாரம் இல்லை. ஊருக்குள் ஹாடோ பகுதியில் அவளுக்கு அலாட் ஆன மரக் குவார்ட்டர்ஸில், தகரக் கூரைக்கு அடியில், நானும் என் டிரங்குப் பெட்டியுமாகப் போய்ச் சேர்ந்தோம். அப்போது எழுபதுகளின் தொடக்கம்.

இன்று இதற்கெல்லாம் சொல் இருக்கிறது. தன்பாலீர்ப்பு என்கிறார்கள். திருநங்கை, திருநம்பி என்கிறார்கள். ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் உண்டு என்கிறார்கள். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியைத் தோளில் வைத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் சொல் எனக்குச் சரியாக இருக்கிறது, சந்தோஷம்தான். அன்று எங்கள் கையில் இருந்ததெல்லாம் அக்கா, தங்கை, மைனி, சிநேகிதி. எதை எடுத்தாலும் எங்கேயாவது ஓரிடத்தில் இடித்தது.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளுக்கு ஒரு சந்தேகம். என்னவள் சைக்கிள் விடுவாள், கூரைத் தகரம் பெயர்ந்தால் ஏறி ஆணியடிப்பாள், வீட்டில் லுங்கி கட்டிக்கொள்வாள். உங்கள் இரண்டு பேரில் ஆம்பிளை அவள்தானே என்று அந்த அம்மாள் ஹிந்தியில் என்னிடம் கேட்டுச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த பூசணிப்பூ பஜ்ஜியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு வருத்தப்பட்டேன், நல்ல பஜ்ஜி. என்னவளிடம் சொன்னேன், இரண்டு நாள் சிரித்தாள். தினமும் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் பின்னல் போடுகிறவள் அவள். தான் பெண் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் ஐயம் இருந்ததில்லை.

ஐயம் இருந்தது எனக்குத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் மேல் இப்படி ஆசை வைத்திருக்கிறோமே, அப்படியானால் உள்ளுக்குள் நான் ஆணோ என்று தனியாகக் கிடந்து குழம்பியிருக்கிறேன். அவளிடம் கேட்டும் விட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ பொம்பளதான். அதுவும் சண்டக்காரப் பொம்பள" என்றாள். ஒருவர் தான் யார் என்று உணர்வது ஒரு கேள்வி, அவருக்கு யாரைப் பிடிக்கிறது என்பது வேறு கேள்வி என்று இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அன்றைக்கே அந்த ஒரு வரியில் பாதி தெளிந்துவிட்டது.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் போல வசதியான ஆள் கிடையாது. கார் நிக்கோபார் தெற்கே வேறு தீவு, கப்பல் எப்போதாவதுதான் போகும். பாஸ் இல்லாமல் யாரும் அங்கே இறங்கவும் முடியாது. ஆகவே அவர் ஏன் வரவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை, போய்ப் பார்க்கவும் முடியவில்லை. எனக்கு வரன் பார்க்கத் துடித்தவர்கள் ஓய்ந்தார்கள். நாங்கள் ஒரே வீட்டில் இருப்பதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நாத்தனாரும் அண்ணியும் இத்தனை ஒற்றுமையா என்று மெச்சிக்கொண்டார்கள். அக்கம்பக்கம் கேட்கக் கேட்க அவருக்கு வயர்லெஸ்ஸில் உத்தியோகம் வந்தது, வயிற்றில் அல்சர் வந்தது. ஒரு பெருநாளுக்கு பாய் அந்தப் பக்கம் போன ஒரு காண்ட்ராக்டர் கையில் அவருக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். அப்படி ஒரு ஆளே அங்கே இல்லை என்று பொட்டலம் திரும்பி வந்தது. அண்ணன் டியூட்டியில் வேறு தீவுக்குப் போயிருக்கும் என்று இவள் கூசாமல் சொன்னாள். பழத்தை நாங்களே தின்றோம்.

பொய் எங்களைக் கடித்தது இரக்கத்தின் வழியாக. புருஷன் ஒரு தீவில், பெண்டாட்டி ஒரு தீவில், இது என்ன கொடுமை என்று பாய்க்கு மனசு தாங்கவில்லை. எங்கள் ஹெட்கிளார்க் தஞ்சாவூர்க்காரர், அவரும் பாய் கடையில்தான் சாமான் வாங்குவார். பாய் அவரிடம் எனக்காக மன்றாடியிருக்கிறார். வங்காளி அம்மாளும் போய்ச் சொல்லியிருக்கிறார். கார் நிக்கோபாரில் எங்கள் இலாகாவின் டைப்பிஸ்ட் இடம் காலியாகவே கிடந்தது, போக ஆளில்லை. ஹெட்கிளார்க்குக்குப் புண்ணியமும் ஆயிற்று, வேலையும் முடிந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை என் மேசையில் டைப் அடிக்க ஒரு டிராஃப்ட் வந்தது. கணவருடன் சேர்ந்து வாழும் பொருட்டு இன்னாரைக் கார் நிக்கோபாருக்கு மாற்றலாம் என்று எழுதியிருந்தது. இன்னார் நான். எனக்கு ஆச்சரியம் தரவேண்டும் என்று ஹெட்கிளார்க் தூரத்திலிருந்து சிரித்துக்கொண்டே பார்க்கிறார்.  இல்லாத புருஷனோடு சேர்த்துவைக்க, இருக்கிறவளிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள். தலைவலி என்று சொல்லி, தாளை மெஷினில் மாட்டாமலே வீட்டுக்கு ஓடினேன்.

இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து கேட்டாள். அண்ணனைக் கொன்றுவிடலாம் என்றாள். கப்பலில் தவறி விழுந்துவிட்டார் என்று ஒரு தந்தி போதுமாம். பாயும் வங்காளி அம்மாளும் வந்து அழுவார்கள், நான் வளையலைக் கழற்ற வேண்டும், வெள்ளைச் சேலை கட்ட வேண்டும், அதன் பிறகு விதவைக்கு மறுமணம் என்று யாராவது கிளம்புவார்கள். முடியாது என்றேன். நான் வேலையை விட்டுவிடட்டுமா என்றேன். அப்புறம் எதைத் தின்பது என்று கேட்டாள். யார் இந்தக் கல்யாணத்தைப் பண்ணிவைத்தது என்று நான் ஆரம்பித்தேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பவள் அன்று கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை, அதனால் என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு ஆணுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் எனக்கு இல்லை, அவ்வளவுதானே என்று சுவரிடமே சொன்னாள்.

அது என்னைச் சுட்டது. மறுநாள் அலுவலகத்துக்குச் சீக்கிரமாகவே போய் ஹெட்கிளார்க் முன்னால் நின்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை, அந்த மனிதர் நாங்கள் கட்டிவிட்ட கதை என்று ஒரே மூச்சில் சொன்னேன். கமா ஒன்று தப்பினால் தாளைத் திருப்பி எறிகிற மனிதர் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார்.

"அப்ப அந்த நர்ஸம்மா உனக்கு யாரும்மா?"

மூன்று வருடமாக ஊரே பதில் சொல்லிவந்த கேள்வி. என்னிடம் நேராகக் கேட்டது அவர் ஒருவர்தான். 

"அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது சார்" என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

 அவர் பீரோவிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மாற்றல் வேண்டாமென்றால் காகிதம் வேண்டும், குவார்ட்டர்ஸில் யார் யார் இருக்கிறீர்கள், ஒருவருக்கு ஒருவர் என்ன உறவு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், உறவு என்ற இடம் காலியாக இருந்தால் மேலே திருப்பிவிடுவார்கள், அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் மெஷினில் உட்கார்ந்து அவள் பெயரை அடித்தேன், என் பெயரை அடித்தேன். உறவு என்ற இடத்தில் நின்றுபோனேன். சிநேகிதி என்று போட்டால் குடும்பம் இல்லை என்று என்னை வெளியே அனுப்புவார்கள். தங்கை என்று போட்டால் இன்னொரு பொய். மத்தியானம் வரை அந்தத் தாள் உருளையிலேயே கிடந்தது.

பியூனிடம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு அவள் வந்தாள். எங்கே கையெழுத்து என்று கேட்டாள். நான் காலியிடத்தைக் காட்டினேன். அவளுக்கு ஆஸ்பத்திரியில் தினமும் இதுதான் வேலை, காய்ச்சல், இருமல், வயிற்றுவலி என்று அச்சடித்திருப்பதற்கு எதிரே உண்டு, இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போவாள். தாளை உருவினாள். ஹெட்கிளார்க் மேசையிலேயே பேனாவை எடுத்தாள். உறவு என்பதற்கு எதிரே, அந்த இங்கிலீஷ் படிவத்தில், தமிழில் கொட்டை எழுத்தில் 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

என்ன உறவு என்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்று நான் அவள் காதில் கிசுகிசுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கா இல்லியான்னு எழுதியாச்சு. அதுக்கு மேல அவியளுக்கு என்னத்துக்கு?"

ஹெட்கிளார்க் தாளை வாங்கிப் படித்தார். சிவப்பு மை வருமென்று நான் காத்திருந்தேன். அவர் பேனாவைத் திறந்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, முத்திரையை நன்றாக அழுத்திக் குத்தினார்.

"மேல இருக்கறவங்க யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னைக் கேட்டா நான் சொல்லிக்கறேன், சரியாத்தான் எழுதியிருக்குன்னு."

நான் டைப்ரைட்டர் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். வீட்டுக்குப் போய் அழலாம், இது ஆபீஸ் என்று அவள் என் முதுகில் தட்டினாள். தட்டிய கையை அவள் எடுக்கவில்லை, ஹெட்கிளார்க் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.